மேஸ்திரிக்குக் கட்டிய உருமால்

குழந்தைசாமியின் லாரி புளியஞ்சோலைப் பாதையில் திரும்பியதுமே சும்மாட்டுத் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. எழவு விழுந்தால்கூட சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிற தெரு அது. அன்றைக்கு மட்டும் கிழடு கட்டை பாக்கியில்லாமல் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெளுத்த துணி உடுத்தி நின்றார்கள். நிற்கமாட்டார்களா பின்னே? லாரி முதலாளி உருமால் கட்ட வருகிறான். யார் தலையில் கட்டப்போகிறான் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே இருந்த ஒவ்வொரு தலையும் அது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில் தலைச்சுமை தூக்கிப் பிழைக்கிறவர்களின் தெரு அது. விடியுமுன்னே மலையேறி, திருப்புலி நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் வியாபாரிகள் வாங்கிப் போட்டிருக்கும் வாழைத்தாரையும் மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் கீழே இறக்குவார்கள். உழைப்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் வாங்கின கூலியை அன்று சாயங்காலமே சாராயம் காய்ச்சுகிறவன் கையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, ஒருத்தனை ஒருத்தன் வைதுகொண்டு கிடப்பார்கள். ஒருத்தன் தன் கூரைக்குப் புல் மாற்றினால் அடுத்த வீட்டுக்காரனுக்கு வயிறு எரியும். எவனாவது வெளியூர் போய்ப் பிழைக்கலாமென்று கிளம்பினால், போறாரு பாரு கலெக்டரு வேலைக்கு என்று முதுகுக்குப் பின்னால் காறித் துப்புவார்கள். அப்படித் துப்பின வாய்கள்தான் இப்போது முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு லாரியைச் சுற்றி நின்றன.

உருமால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரைவிட்டுப் போய் முன்னுக்கு வந்தவன், ஆடி நோம்பிக்குத் திரும்பி வந்து, மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கும் கருப்பனாருக்குக் கிடா வெட்டி, தன்னை ஆளாக்கியது இன்னார் என்று சபையில் சொல்லி, அவர் தலையில் புதுத் துணியை உருமாலாகக் கட்டவேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் அதே துணியைத் தோளில் போர்த்துவார்கள். ஒருத்தனுக்கு ஆயுசில் ஒரே உருமால்தான். கட்டிக்கொண்டவர் அன்று முதல் அவனுக்கு ஐயன் முறை, பெண்ணென்றால் ஆத்தா முறை. அன்றைக்கே அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் உருமாலை அவிழ்க்கக்கூடாது. அவர் கையால் எடுத்துக் கொடுக்கிற எதையும் வேண்டாமென்று தட்டக்கூடாது. சாகும்போது கொள்ளியும் கட்டினவன்தான் வைக்கவேண்டும்.

ஆகவே லாரி நின்றதும் ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைசாமி கைக்குழந்தையாக இருந்தபோது மூக்குச் சிந்திவிட்டது தான்தான் என்றாள் கண்ணாயி. அவன் ஊரைவிட்டுப் போன அன்று எதிரே வந்தது தான்தான், தன் முகராசிதான் அவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்றான் செல்லமுத்து. அந்த முகராசி செல்லமுத்துவையே இன்னும் அந்த ஒழுகுகிற குடிசையைவிட்டு வெளியே கொண்டுவரவில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இன்னொருத்தன், தான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை என்றான். அதையும் ஒரு உபகாரமாகச் சொல்ல ஒருத்தன் இருக்கிறானே என்று குழந்தைசாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். வெளியே எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி மாதம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். துறையூரில் துணிக்கடையில் சரிகை போட்ட உருமால் துணியை அவன் எடுத்தபோதே, யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஏனுங்க, நன்றி இருந்தாக் கட்டுங்க, இல்லாட்டிப் பேசாத இருங்க. வையறதுக்கு வாய் இருக்குது, துணி என்னத்துக்குங்க?" என்றாள் அவள்.

"வாயில வைதா அன்னிக்கோட போயிரும். நான் இதைச் சபையில சொல்லிக் கட்டுனா, அந்தாளு சாகற வரைக்கும் தெருவுல தலை நிமிந்து நடக்கமாட்டான்," என்றான் குழந்தைசாமி.

அவன் கட்ட நினைத்திருந்தது அருணாசல மேஸ்திரியின் தலையில்.

அருணாசலம் அந்தக் காலத்தில் சுமைகாரர்களுக்கு மேஸ்திரி. ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சுமைதாங்கிக் கல்லின்மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, இறங்குகிற சுமைகளைப் பார்த்து வாங்குவதுதான் வேலை. மீசையைத் தவிர அந்த மனுஷனிடத்தில் வேறெதுவும் வளர்ந்ததில்லை. குழந்தைசாமிக்கு மீசை அரும்புகிற வயசு. ஆத்தா செத்து வீட்டில் அடுப்பு எரியாத சமயம். பெரிய பலாப்பழம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டும்போது பாசியில் வழுக்கி விழுந்தான். பழம் கல்லில் மோதி வாய் பிளந்துவிட்டது. சுளையெல்லாம் சேற்றில்.

மேஸ்திரி கல்லைவிட்டு இறங்கவில்லை. வந்து நின்ற சுமைகாரர்களையெல்லாம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"செமக்கத் தெரியலை, திங்கறதுக்காச்சும் தெரியுதான்னு பாப்போம். ஒரு சொளை பாக்கியில்லாத தின்னுபோட்டுத்தான்டா எந்திரிக்கோணும்," என்றார்.

அவ்வளவுதான், சும்மாட்டுத் தெரு சுமையை இறக்கி வைத்துவிட்டு வட்டம் கட்டிக்கொண்டது. ஓசியில் ஒரு கூத்து. அவன் சேற்றோடு தின்றான். தொண்டையில் அடைத்தது. வாந்தி எடுத்தான், எடுத்துவிட்டுத் திரும்பவும் தின்றான். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தன்னந்தனியாக உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தையும் தின்று தீர்த்துவிட்டு எழுந்தவன், மறுநாள் காலை துறையூருக்கு நடந்துவிட்டான்.

லாரி கழுவினான். கிளீனரானான். சேலத்துக்கும் திருச்சிக்கும் போய்வந்தான். மழையில் லாரிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்த நாட்களில், போதும், ஊருக்கே போய்விடலாம் என்று மனசு தளரும்போதெல்லாம், மேஸ்திரியின் மூஞ்சியை நினைத்துக்கொள்வான். உடம்பு சூடேறிவிடும். டிரைவரானது அந்தச் சூட்டில்தான். சொந்த லாரி வாங்கியதும் அந்தச் சூட்டில்தான். பலாப்பழத்தை மட்டும் அதற்கப்புறம் அவன் தொட்டதில்லை. எத்தனை பெரிய வியாபாரி வந்து கூப்பிட்டாலும் பலாப்பழ லோடு ஏற்றமாட்டான். சந்தையில் அந்த வாசனை அடித்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விடுவான். தன்னை ஆளாக்கியது அந்த அவமானம்தான், வேறு யாரும் இல்லை, எதுவும் இல்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. ஆகவே ஆயுசுக்கு ஒரே தடவை கட்டுகிற உருமாலை அந்த ஆள் தலையிலேயே கட்டி, ஏன் கட்டுகிறேன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவது. சொன்னதும் மேஸ்திரி செத்த பாம்பாகிவிடுவார், சிரித்த தெருவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். இதுதான் அவன் போட்ட கணக்கு.

கிடா விழுந்தது. உடுக்கை அடித்தார்கள். கோயில் பூசாரி குப்புசாமி விபூதியைக் கையில் கொடுத்து, யாரென்று சொல்லச் சொன்னார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணாயி ரெண்டு அடி முன்னால் வந்துகூட நின்றுகொண்டாள்.

"என்னைய ஆளாக்குனது அருணாசல மேஸ்திரிங்க," என்றான் குழந்தைசாமி.

மேஸ்திரி கூட்டத்தின் பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தார். வயசாகி மீசையும் வெளுத்துத் தொங்கிவிட்டது. பெண்டாட்டி செத்து, பிள்ளையில்லாமல், கேட்ட வீட்டில் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டு கிடந்த ஆள். அவரைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தைசாமி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பாசியில் வழுக்கியதைச் சொன்னான். மேஸ்திரி என்ன சொன்னார் என்பதை அவர் குரலிலேயே சொன்னான். வாந்தி எடுத்ததைச் சொன்னான். நீங்களெல்லாம் நின்று சிரித்தீர்கள் என்றான். அன்றைக்கு இந்த மனுஷன் பண்ணின காரியம்தான் என்னை இந்த ஊரைவிட்டு ஓட்டியது, அந்தக் கடனுக்குத்தான் இந்தத் துணி என்று சொல்லி, உருமாலை எடுத்து மேஸ்திரியின் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். காது மடங்கும்படி இறுக்கினான்.

மேஸ்திரியின் உதடு நடுங்கியது. விழுந்ததடா அடி என்று குழந்தைசாமி நினைத்தான். அப்புறம் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அதுவும் அவனுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அடுத்தாற்போல் அவர் வாயைத் திறந்தார்.

"வகுறு காஞ்சு வந்து நின்னாங்க இந்தப் பையன். ஆத்தா வேற போயிட்டா. சேறு பட்ட பழத்தை யேவாரி பாத்தா அடிச்சே கொன்னுபோடுவான். அதான் தடமில்லாத தின்னு தீத்துரு கண்ணுன்னு சொன்னேன். என்ற புள்ளை அதை இத்தனை வருசமா நெஞ்சுல வெச்சிருக்குது பாருங்க."

குழந்தைசாமிக்குக் காதை நம்ப முடியவில்லை. கண்ணு என்றா சொன்னார்? ஆனால் அந்த மனுஷன் முகத்தில் பொய் பேசுகிற களையே இல்லை. அன்றைக்கு அவர் செய்தது அவருக்கு அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கவேண்டும். இப்போது தலையில் சரிகைத் துணி ஏறியதும், அதற்குத் தோதாக ஒன்றை அவர் மனசே தைத்துக் கொடுத்துவிட்டது. இருபது வருஷம் ஒருத்தன் நெஞ்சில் வைத்து ஊதிக்கொண்டிருந்த நெருப்பு, பற்றவைத்த ஆளுக்கு ஞாபகமே இல்லை.

தெரு இருக்கிறதே தெரு, அது அதற்குமேல். வட்டம் கட்டிச் சிரித்த அதே ஆட்கள், மேஸ்திரி மனசு எப்பவுமே இளகின மனசு என்றார்கள். தன் கண்ணால் பார்த்ததாகச் செல்லமுத்து கருப்பனார்மேல் சத்தியம் பண்ணினான். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டதாகக்கூட ஒருத்தி சொல்லிவிட்டாள். நாளைக்கு உருமால் கட்டிய வீட்டிலிருந்து ஒரு வேளைச் சோறோ ஒரு லாரிச் சவாரியோ கிடைக்குமென்றால் அவர்கள் எந்தப் பக்கமும் சாய்வார்கள். குழந்தைசாமி, இல்லை, நான் வைகிறேன், இது வசவு என்று கத்தலாமா என்று பார்த்தான். உருமாலைக் கட்டிவிட்டு அப்படிக் கத்தினால் யாருக்குக் கேவலம்?

"நம்பலைன்னா அந்தச் சுப்பம்மாளைக் கேளுங்க. அவளுங்கூட ஒக்காந்து தின்னாளே அன்னிக்கு," என்று மேஸ்திரி ஓடைப் பக்கம் கையைக் காட்டினார்.

குழந்தைசாமி ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் மலைக்காரி ஒருத்தி ரெண்டு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு விற்க உட்கார்ந்திருந்தாள். திருப்புலி நாட்டுச் சுப்பம்மாள். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும், இத்தனை வருஷம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதையில் விட்டுப்போன பாதி எழுந்து வந்தது. அவன் வாந்தி எடுத்தபோது ஒரு பெண்பிள்ளை தன் சுமையை இறக்கி வைத்துவிட்டு, வட்டத்துக்குள்ளே வந்து, அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சேற்றுச் சுளைகளை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். அவள் தின்னத் தின்னச் சிரிப்புச் சத்தம் குறைந்தது. ஒருத்தியைப் பார்த்து எத்தனை நேரம் சிரிப்பது? முழுப் பழத்தில் முக்கால்வாசி அவள்தான் தின்றாள். பலாப் பாலில் அவன் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் தலைமுடியைக் கையால் அழுத்தி வழித்து, அந்த எண்ணெயை அவன் கையில் தேய்த்துப் பிசினை எடுத்துவிட்டாள்.

தன்னந்தனியாகவாம்! எத்தனை தடவை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேஸ்திரியின் மீசை மயிர் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. இந்த மனுஷியின் முகம் மறந்துபோயிருந்தது. மேஸ்திரியின் மறதியைப் பார்த்து அவனுக்குக் கொதித்ததே, அதைவிட இது எந்த விதத்தில் யோக்கியம்? வெட்கத்தில் அவனுக்குக் காது அடைத்தது.

குப்புசாமியை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய், கட்டியதை அவிழ்த்து வேறொருத்தருக்குப் போட வழி உண்டா என்று கேட்டான். குப்புசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கிடா ரத்தம் காய்வதற்குள் ஐயனை மாற்றுகிற பிள்ளையை இந்தக் கோயில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, தலைக்கறியைப் பங்கு போடப் போய்விட்டார்.

குழந்தைசாமி ஓடைக்குப் போனான். சுப்பம்மாள் நிமிர்ந்து பார்த்து, பழம் வேணுங்களா சாமி என்றாள். அவன் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.  அந்தத் துணி உங்களுக்குப் போடவேண்டியது, புத்திகெட்டுப்போய் மாற்றிப் போட்டுவிட்டேன், துறையூருக்கு வந்தால் நல்ல சேலையாக எடுத்துத் தருகிறேன் என்று குழறினான். அவள் என்ன பேசுகிறான் இவன் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சரிகை உருமாலோடு மேஸ்திரி எல்லோருக்கும் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்குப் பசிங்க சாமி. நீங்க ஒருத்தரே தின்னு தீத்துருவீங்களோன்னு பயத்துல ஒக்காந்தேன். அதுக்கெல்லாம் சேலை எடுத்தா, துறையூருக் கடையில துணி பத்தாதுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு அவள் ஈ ஓட்டினாள். அவன் அவள் தலையைப் பார்த்தான். நரைமயிர் எண்ணெய் தேய்த்துப் படிந்திருந்தது. பசிக்குத் தின்றவள் எதற்கு எண்ணெய் வழித்துத் தேய்த்தாள் என்று கேட்க நினைத்தான். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள் என்று தெரிந்தது. பழம் வாங்காவிட்டால் கடையை மறைக்காமல் எழுந்திருங்கள் என்றாள். எழுந்து வந்தான்.

சாப்பாடு முடிந்ததும் புறப்படுகிற நேரம். உருமால் கட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கட்டினவன் வீட்டுக்குப் போய் மூன்று நாள் விருந்து தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அருணாசல மேஸ்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். தகரப்பெட்டியும், ஒரு ஈயச் செம்பும், தலைகாணியும்கூட வந்தன. இனிமேல் தனக்கு இங்கே என்ன இருக்கிறது, பிள்ளையே வந்து கூப்பிட்டபிறகு என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னார். தெரு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை வழியனுப்பியது. கஞ்சி கேட்டு வருகிற ஒரு வாய் குறைந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஐயனுக்கு முன் சீட்டு. மாதம்மாள் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். மேஸ்திரி நடுவில் ஏறி உட்கார்ந்து, மடியில் எதையோ தூக்கி வைத்துக்கொண்டார். குழந்தைசாமி லாரியைக் கிளப்பிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் வண்டிக்குள் அந்த வாசனை நிறைந்துவிட்டது. மடியிலிருந்தது சுப்பம்மாள் வைத்திருந்த பழங்களில் ஒன்று. புள்ளைக்குப் பிடிக்குமே என்று மேஸ்திரி வாங்கிவந்திருந்தார். பிளந்து, சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தின்னு கண்ணு. அன்னிக்குச் சேத்தோட தின்னே. இன்னிக்கு என்ற கையால சுத்தமாத் தின்னு."

குழந்தைசாமி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயன் கொடுப்பதைத் தட்டக்கூடாது. கையில் வாங்கி வாயில் போட்டான். இருபது வருஷமாகப் பொத்தி வைத்திருந்த மூக்குக்குள் வாசனை ஏறியது. குமட்டியது, விழுங்கினான். விரல்கள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தால் மறுபடியும் ஒட்டின.

"கையெல்லாம் பிசினு. கொஞ்சம் எண்ணெய் இருந்தாத் தேவலை," என்றான் மெதுவாக.

மாதம்மாள் மலையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"உங்க ஐயன் தலையில இருக்குதுங்க. நம்மூட்டு வாசலுக்குப் போனதும் உருமால அவுத்துத் தொடைச்சுக்கோங்க."

அதற்குள் மேஸ்திரி அடுத்த சுளையை நீட்டிவிட்டார்.